வந்துவிட்ட வண்டி

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகலில், பெரிய நீரேற்றுப் பம்புகளைச் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் இரண்டாம் உற்பத்தி வரிசை பேரிங் இல்லாமல் நின்றது. அந்தப் பேரிங்குகளை ஏற்றிய லாரி சனிக்கிழமையே வந்துவிட்டது என்று, அலுவலகக் கூடத்தின் சுவரை அடைத்துக்கொண்டிருந்த கண்காணிப்புத் திரை அதே வேளையில் பச்சை நிறத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது. வரிசை நின்றதும் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது. திரை பச்சையாக இருந்ததும் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் வரவுக் கிடங்கின் தலைவி.

கிடங்கில் அவளை முத்திரையம்மா என்பார்கள். வெளியிலிருந்து வரும் எந்தச் சரக்கும் எடைமேடையில் ஏறி, கதவுக்குள் இறங்கி, பெட்டி பெட்டியாகப் பார்க்கப்பட்டு, அவளுடைய முத்திரை விழுந்த பிறகுதான் ‘வந்தது’ என்று ஆகும். ‘வரும்’, ‘வந்துகொண்டிருக்கிறது’, ‘வந்த மாதிரிதான்’ ஆகிய மூன்றையும் அவள் ஒரே கூடையில் போட்டு, ‘வரவில்லை’ என்று பெயர் வைத்திருந்தாள். இதனால் அவளுக்கு நண்பர்கள் அதிகம் இல்லை. கிடங்கில் பொருள் காணாமல் போனதும் இல்லை.

அந்தத் திரையை வேண்டாம் என்று சொன்னவளும் அவள் அல்லள். வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டவளே அவள்தான். அதற்கு முன் ஒரு லாரி எங்கே வருகிறது என்று அறிய ஓட்டுநரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். அவர் “இதோ வந்துட்டேம்மா” என்பார். அந்த ‘இதோ’வின் நீளம் எவ்வளவு என்பது கடவுளுக்கே தெரியாது. வழியிலுள்ள சரக்கு கண்ணுக்குத் தெரிந்தால்தான் இன்று எந்தக் கதவைக் காலியாக வைப்பது, எந்த வரிசைக்கு எதை முதலில் அனுப்புவது என்று திட்டமிட முடியும் என்று அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் திரை வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திட்டப் பிரிவுக்குப் போயிற்று. அந்தப் பிரிவின் அதிகாரி அவளுடைய சொந்தத் தம்பி. அக்காவின் சிபாரிசு இல்லாமல் வேலைக்கு வந்தவன் என்பதில் இருவருக்குமே பெருமை. திரை முதன்முதலாக எரிந்த அன்று அவள் கூடத்தின் ஓரத்தில் நின்று, ஊர்ந்து வரும் புள்ளிகளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரையின் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு லாரியிலும் ஒரு சிறு கருவி இருக்கும். தொழிற்சாலையைச் சுற்றித் திரையில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். கருவி வட்டத்துக்குள் நுழைந்ததும், திரை தானாகவே ‘வந்தது’ என்று எழுதிப் பச்சையாகும். அவளுடைய முத்திரை அதன்பின் வெறும் சடங்காயிற்று. கூடவே பொது மேலாளர் ஒரு சுற்றறிக்கையும் விட்டார்: இனி யாரும் ஓட்டுநர்களைத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, அது பழைய காலத்துப் பழக்கம், திரையைப் பார்த்தால் போதும். ஓட்டுநர்களும் கூப்பிடத் தேவையில்லை. எந்தக் கதவுக்கு எப்போது வர வேண்டும் என்று அவர்கள் கைப்பேசிக்குச் செய்தி போகும்.

செவ்வாய்க்கிழமை வரிசை நின்றதும் பொது மேலாளரே கிடங்குக்கு இறங்கி வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

“பச்சை எரியுது,” என்றார். “பச்சைன்னா சரக்கு உள்ள இருக்குன்னு அர்த்தம். உள்ள வந்த சரக்கு உங்க பொறுப்பு. பேரிங்குக்குக் கால் முளைச்சு எங்கயாவது போயிடுச்சா?”

“கால் முளைச்சிருந்தா எடைமேடை மேல நடந்துதான் வந்திருக்கணும், சார். எடை பதிவாகலையே,” என்றாள் அவள்.

“எடைமேடை அடிக்கடி மக்கர் பண்ணும். அதுக்காகத் திரையைத் தப்புன்னு சொல்லுவீங்களா?”

“திரை தப்புன்னு சொல்லல. எடை இல்லாத வண்டியை நான் பாத்ததில்லன்னு சொல்றேன்.”

“வார்த்தையில விளையாடாதீங்க. அடுக்கு ராக்கையெல்லாம் தேடுங்க. சனிக்கிழமை ஃபோர்க்லிஃப்ட்ல யாரு இருந்தது?”

பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்டைச் சனிக்கிழமை ஓட்டியவன் ‘யானை’. விரல் பருமனுக்கு இருப்பான். அதனால்தான் அந்தப் பெயர். காவல் பிரிவினர் அவனை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி, பையைக் கொட்டினார்கள். இரும்பு அலமாரியின் பூட்டை உடைத்தார்கள். கடைசியில் அவனுடைய சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு அவன் அவளிடம் வந்து நின்றான். அவனுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

“ஒரு பேரிங் என் இடுப்பு உயரம்மா. டப்பாவுக்குள்ள எப்படிப் போகும்? மூடியைத் திறந்து முகர்ந்து வேற பாக்கறாங்க.”

“நீ அந்தப் பெட்டிகளைப் பாத்தியா?”

“கண்ணால பாக்கலம்மா. நான் தூக்காத பெட்டி இந்தக் கிடங்குல ஒண்ணுகூட கிடையாது. இதைத் தூக்கல.”

“சரி, போய் முகம் கழுவு,” என்றாள். அவன் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட அவள் ஐயப்படவில்லை. ஆனால் ஐயப்படாமல் இருந்தது அவள் மட்டுமே. மாலைக்குள் பெட்டிகள் கிடைக்காவிட்டால் வியாழக்கிழமை இயக்குநர் முன்னிலையில் விசாரணை என்றும், அதன் முடிவில் அவள் வேலையில் இருக்க மாட்டாள் என்றும் பொது மேலாளர் சொல்லியனுப்பினார். ‘திருட்டு’ என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. அந்தச் சொல் அவருக்கு முன்பே கிடங்கைச் சுற்றி வந்திருந்தது.

அவள் நேரே கூடத்துக்குப் போனாள். தம்பி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கூடத்தின் கண்ணாடிக் கதவு அவள் பின்னால் மூடியது, அங்கே எப்போதும் குளிர், யாரும் வியர்ப்பதில்லை.

“இந்த வண்டி எங்க நிக்குதுன்னு காட்டு,” என்றாள்.

“அக்கா, அதான் வந்துடுச்சே. வந்த வண்டியைத் திரை காட்டாது. வந்ததும் புள்ளி மறைஞ்சிடும்.”

“அப்ப வண்டி எங்க போச்சு?”

“இறக்கிட்டுப் போயிருக்கும்.” அவன் விசைப்பலகையைப் பார்த்தபடியே பேசினான். “ராக்குல நல்லாத் தேடச் சொல்லு. புதுக் கம்பெனிப் பெட்டி, வேற நிறத்துல இருக்கலாம்.”

அவள் அதை நம்பினாள். ஏன் நம்பினாள் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறந்த அன்றே கையில் வாங்கிய பிள்ளை, தன் கண்ணைப் பார்க்காமல் பேசுகிறான் என்றால் வேலை மும்முரத்தில் இருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. திரும்பி வந்து, கிடங்கு முழுவதையும் மறுபடி புரட்டிப் போடச் சொன்னாள். ஆட்கள் ஏணிகளில் ஏறி, பழைய தார்ப்பாய்களை உதறி, சிலந்தி வலைகளோடு இறங்கி வந்தார்கள். யானை எல்லாருக்கும் முன்னால் ஏறினான்.

எடை இல்லாதது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. மேடை மக்கர் செய்யுமென்றால் அன்றைக்கு வந்த மற்ற வண்டிகளுக்கும் எடை இல்லாமல் இருந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தது. புதன்கிழமை காலை, சுற்றறிக்கை மேசைக்கண்ணாடியின் கீழ் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் பேரிங் கம்பெனியின் அனுப்புகைப் பிரிவுக்குத் தொலைபேசி செய்து ஓட்டுநரின் எண்ணை வாங்கினாள். பிறகு ஓட்டுநரை அழைத்தாள்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“உங்க வாசல்லதாம்மா.”

“எந்த வாசல்?”

“ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், லாரிப் பேட்டை. உங்க புகைபோக்கி நல்லாத் தெரியுது. சனிக்கிழமையிலேந்து அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நேத்துலேந்து புகை குறைஞ்சுபோச்சே, என்ன ஆச்சு?”

அவள் தொலைபேசியை வைத்தாள். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், பெரிய வாசலைக் கடந்து, ரயில் கேட்டைத் தாண்டி நடந்தாள்.

லாரிப் பேட்டை என்பது மதில் இல்லாத ஒரு மண் திடல். வண்டிகளின் எண்ணெய் சிந்திச் சிந்தி மண் கறுத்துப்போயிருந்தது. அந்த லாரி ஓரத்தில், தார்ப்பாய் அவிழ்க்கப்படாமல், கட்டின கயிறு கட்டினபடி நின்றது. பக்கக் கண்ணாடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வண்டிக்கடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதைச் சுற்றிக் கண் திறக்காத குட்டிகள்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும், சவரம் செய்யாத முகம்.

“கடைசியா ஒரு மனுசக் குரல் கேட்டுச்சும்மா,” என்றார். “வண்டிக்குக் கீழ குடும்பமே உருவாயிடுச்சு, பாருங்க. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா எனக்கும் இங்க வாக்காளர் அட்டை குடுத்திருப்பாங்க.”

“ஏன் வாசலுக்கு வரல?”

“வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.” அவர் கைப்பேசியை நீட்டினார். சனிக்கிழமை வந்த செய்தி அதில் இருந்தது: ‘உங்கள் வருகை பதிவாகிவிட்டது. அழைப்பு வரும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள்.’ அதன் பின் எந்தச் செய்தியும் இல்லை.

“பக்கத்து வண்டிக்காரங்க ஒண்ணும் சொல்லலயா?”

“சொன்னாங்க. ‘இங்கெல்லாம் யாரும் மெசேஜுக்குக் காத்திருக்கறதில்ல, நேரா போய் வாசல்ல ஹாரன் அடி, திறந்துடுவாங்க’ன்னாங்க. எங்க கம்பெனிக்கு இது முதல் லோடும்மா. முதல் லோடுலேயே விதியை மீறினான்னு பேர் வாங்கணுமா? அதுல குடுத்திருந்த நம்பருக்கும் போட்டுப் பாத்தேன். ஒரு பொண்ணு குரல். ‘உங்கள் வண்டி வந்துவிட்டது, நன்றி’ன்னு திரும்பத் திரும்பச் சொல்லுது. நான் வந்தது எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு எப்பத் தெரியும்னுதானே கேக்கறேன்.”

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வட்டம் வாசலோடு நின்றிருந்தால், பேட்டையில் நிற்கும் இந்த வண்டி ‘வந்துகொண்டிருக்கிற’ வண்டி. அதற்குக் கதவு எண்ணுடன் அழைப்பு போயிருக்கும். யாரோ வட்டத்தை ரயில் பாதைக்கு இப்பால் வரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதனால் பேட்டைக்குள் சக்கரம் வைத்த உடனேயே வண்டி ‘வந்துவிட்டது’. வந்துவிட்ட வண்டியை எந்தத் திரையும் அழைப்பதில்லை. வழக்கமான ஓட்டுநர்கள் செய்தியை மதிக்காமல் ஹாரன் அடித்து உள்ளே வந்துவிட்டதால், இரண்டு வாரமாக இந்த ஓட்டை யாருடைய கண்ணிலும் படவில்லை. சொன்ன பேச்சைக் கேட்ட முதல் ஆள் வந்தவுடன் உற்பத்தி வரிசை நின்றுபோயிற்று.

திரையை வேண்டிக் கேட்டபோது அவள் கேட்டது பார்வை. இவர்கள் அந்தக் கண்ணுக்கே மை பூசி வைத்திருக்கிறார்கள்.

“ஏறுங்க,” என்றாள் ஓட்டுநரிடம். “நாய்க்குட்டிகளை நான் எடுத்து ஓரமா வைக்கிறேன்.”

வண்டி எடைமேடையில் ஏறியது, எடை விழுந்தது, யானை பெட்டிகளை இறக்கினான். அவள் முத்திரையை ஓங்கிக் குத்தியதில் மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் துள்ளியது. மதியத்துக்குள் வரிசை ஓடத் தொடங்கியது. யாரும் அவளிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரணையும் ரத்தாகவில்லை.

ஏன் ரத்தாகவில்லை என்பது அன்று மாலை வீட்டில் தெரிந்தது. மாடியில் அவளும் அம்மாவும். கீழே தம்பியும் அவன் மனைவியும். அவன் செருப்பைக் கழற்றாமலே மாடிப்படியேறி வந்தான். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

“அக்கா, கொஞ்சம் பொறுமையாக் கேளு.”

“பொறுமையா இருக்கும்போதே சொல்லிடு.”

“நாளைக்கு நீ இதுல கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சிடும். ஓட்டுநர் அனுமதியில்லாத இடத்துல வண்டியை நிறுத்திட்டு, கூப்பிட்டும் வரல. அவ்வளவுதான். உன் மேல எதுவும் இல்லன்னு பொது மேலாளரே எழுதித் தந்துடுவார்.”

“அந்த ஓட்டுநருக்கு?”

“அவன் கம்பெனியை நிறுத்திடுவாங்க. வெளியாள்தானே அக்கா. அவனுக்கு வேற லோடு கிடைக்கும்.”

அவள் தாளை வாங்கவில்லை. “வட்டத்தை யாரு பெரிசாக்கினது?”

அவன் சுவரில் சாய்ந்தான். “மாசக் கடைசியில ‘குறித்த நேரத்தில் வந்த வண்டிகள்’ விகிதம் குறைஞ்சிருந்துச்சு. பேட்டையில நிக்கற வண்டியெல்லாம் தாமதமாக் கணக்காகுதுன்னு பொது மேலாளர் கத்தினார். அதையும் சேர்த்துக்கோன்னார். சேர்த்தேன். விகிதம் ஏறிடுச்சு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன்.”

“சரி. அது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு நான் கோவப்பட மாட்டேன்.” அவள் குரல் உயரவில்லை. “வண்டி பேட்டையிலதான் நிக்குதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“அக்கா…”

“எப்ப?”

“செவ்வாய்க்கிழமை. வரிசை நின்ன உடனே கருவி எங்க இருக்குன்னு பாத்தேன்.”

“நான் கூடத்துக்கு வந்து உன்கிட்ட கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவன் கையிலிருந்த தாளைச் சுருட்டினான்.

“யானையோட டப்பாவைத் திறந்து முகர்ந்தாங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

கட்டிலில் படுத்திருந்த அம்மா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“பெரியவளே, அவன் உன் தம்பிடி,” என்றாள்.

“தெரியும்மா. அதனாலதான் இவ்வளவு நேரம் நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்.”

“வீட்டுக்குள்ள வேலைச் சண்டை வேண்டாமே. அவன் ஏதோ பயத்துல…”

“பயந்தவன் பேசாம இருப்பான்மா. இவன் என்னை ராக்குல தேடச் சொன்னான். வண்டி இருக்கற இடத்தைக் கையில வச்சுக்கிட்டு, கிடங்கையே ரெண்டாவது தடவை புரட்ட வச்சான். என் ஆளுங்க ஏணியில ஏறி இறங்கறாங்க, இவன் குளிரூட்டின அறையில உக்காந்து வேடிக்கை பாக்கறான்.” தம்பியின் பக்கம் திரும்பினாள். “கீழ போ. அந்தத் தாளையும் எடுத்துக்கிட்டுப் போ. இங்க விட்டுட்டுப் போனா அடுப்புலதான் போடுவேன்.”

அவன் இறங்கினான். பாதிப் படியில் நின்று, “உனக்கு உன் முத்திரைதான் பெரிசு, சொந்தத் தம்பி இல்ல,” என்றான். அவள் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டில் அந்தக் கதவு சாத்தப்பட்டதே இல்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்ததால் அது பொருந்தச் சிறிது நேரம் பிடித்தது.

வியாழக்கிழமை விசாரணை கூடத்தை ஒட்டிய நீள அறையில் நடந்தது. நடுவில் இயக்குநர், வயதானவர், பேச்சைக் குறைத்தவர். ஒரு பக்கம் பொது மேலாளரும் தம்பியும். எதிர்ப்பக்கம் அவள் ஒருத்தி. ஓட்டுநரைக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் அந்தக் கறுத்த மண்ணோடு இருந்த செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்தார்.

பொது மேலாளர் வழவழவென்று பேசினார். திரை சரியாகத்தான் வேலை செய்தது. வெளியிலிருந்து வந்த ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்துவிட்டார். கிடங்கும் முன்கூட்டியே விசாரித்திருக்கலாம். இருந்தாலும் பெரிய மனத்தோடு அதை விட்டுவிடலாம். கிடங்குத் தலைவி கையெழுத்திட்டால் போதும்.

“இதுல எழுதியிருக்கறது பொய்,” என்றாள் அவள். “பொய்ல நான் முத்திரை குத்தறதில்ல.”

“உங்களைக் காப்பாத்தத்தான் இவ்வளவும்,” என்றார் பொது மேலாளர்.

“என்னை யாரும் காப்பாத்த வேண்டாம், சார். நான் ஒண்ணும் தண்ணில விழல. என்னையும் என் ஆளையும் திருட்டுப் பட்டத்தோட நிறுத்தினீங்க. சரக்கு கிடைச்சதும் திருட்டு போய் கவனக்குறைவு ஆயிடுச்சு. இனாமா எனக்கு மன்னிப்பு வேற.” பிறகு, எதிரே இருந்தவனைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ‘நீ’ என்றே அழைத்தவனிடம் சொன்னாள்: “திட்டப் பிரிவு அதிகாரி, நீங்க அந்த வட்டத்தைக் கொஞ்சம் திரையில காட்டுங்க.”

அவன் அடிபட்டவன்போல் நிமிர்ந்தான். ஆனால் கை அசையவில்லை.

“அதெல்லாம் தொழில்நுட்ப விஷயம், இங்க எதுக்கு,” என்றார் பொது மேலாளர்.

“காட்டட்டும்,” என்றார் இயக்குநர்.

தம்பி திரையை இயக்கினான். தொழிற்சாலை, ரயில் பாதை, அதற்கு அப்பால் திடல். எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு பருத்த ஒரு வட்டம். குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த மாதத் தொடக்கத்தில் நடந்த கூட்டத்தில் அந்த விகிதம் ஏறியதற்குப் பொது மேலாளருக்குப் பூச்செண்டு கொடுத்தவர் அவர்தான்.

“இது யார் முடிவு?” என்று கேட்டார்.

பொது மேலாளர் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. “வட்டம் போடறது திட்டப் பிரிவு, சார். அதோட நுணுக்கம் எனக்குத் தெரியாது. அவங்க அக்கா கிடங்குல இருக்காங்க, தம்பி திரையில இருக்கார். குடும்பத்துக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்களோ.”

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. “நீங்கதான் சொன்னீங்க, சார். மாசக் கடைசியில, உங்க அறையில. ‘பாதைக்கு அந்தப் பக்கமும் சேர்த்துக்கோ, யாரு வந்து அளக்கப் போறாங்க’ன்னீங்க. நான் வண்டிங்களுக்கு அழைப்பு போகாதுன்னு சொன்னேன். ‘ஹாரன் அடிச்சுக்கிட்டு வரானுங்கல்ல, வருவானுங்க’ன்னீங்க. இதை என் தலையில கட்டாதீங்க. செவ்வாய்க்கிழமை வண்டி பேட்டையில இருக்குன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். ‘இப்ப வெளிய வந்தா அசிங்கம், கிடங்கே தேடிக்கட்டும்’ன்னீங்க.”

அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கோ நெஞ்சில் கொதித்துக்கொண்டிருந்தது அப்படியே கொதித்தது. இன்னும் சற்று அதிகமாகவே. அக்காவைத் திருடி என்றபோது திறக்காத வாய் இது. ஒரு சாப்பாட்டு டப்பாவுக்காகத் திறக்காத வாய். முன்பின் தெரியாத ஓட்டுநரின் பிழைப்பை அறுக்கும் தாளோடு மாடியேறி வந்து அதற்கு நியாயம் பேசிய வாய். தன் காலடி மண் சரிந்த நொடியில் என்ன சரளமாகத் திறக்கிறது.

“நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?” என்று இயக்குநர் அவளைக் கேட்டார்.

“இருக்கு,” என்றாள். “திரையைக் கழற்றிடாதீங்க. அது வேணும். அது தப்புப் பண்ணல. அதுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தோம். அப்புறம், வெளிய ஒருத்தர் உக்காந்திருக்கார். அவர்தான் இந்தத் தொழிற்சாலை போட்ட விதியை அப்படியே கடைப்பிடிச்ச ஒரே ஆள். அவரை உள்ள கூப்பிட்டு முதல்ல மன்னிப்புக் கேளுங்க. என்னைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

ஓட்டுநர் உள்ளே வந்தார். இயக்குநர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஓட்டுநர் என்ன செய்வது என்று தெரியாமல், “பரவாயில்லைங்க, அடுத்த தடவை ஹாரன் அடிச்சிடறேன்,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

முடிவுகள் வெள்ளிக்கிழமை எழுத்தில் வந்தன. வட்டம் பெரிய வாசலுக்குச் சுருக்கப்பட்டது. பேட்டைக்குள் நுழையும் வண்டி ‘காத்திருக்கிறது’ என்று மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்றும், எடைமேடையில் எடை விழுந்து கிடங்கின் முத்திரையும் பதிந்த பின்னரே ‘வந்தது’ என்று பச்சையாக வேண்டும் என்றும் விதி மாற்றப்பட்டது. ஓட்டுநர்களை அழைக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. பேரிங் கம்பெனிக்கு அவர்கள் ஓட்டுநரிடம் குற்றமில்லை என்று கடிதம் போயிற்று. கிடங்குத் தலைவியின் மீதும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் மீதும் எழுந்த ஐயம் ஆதாரமற்றது என்ற அறிவிப்பைக் காவல் பிரிவின் தலைவரே கிடங்கில் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். பொது மேலாளர் வேறொரு தொழிற்சாலைக்கு அதே பதவியில் மாற்றப்பட்டார். தம்பியின் வேலை போகவில்லை. அவனை அவளுக்குக் கீழ் கிடங்கில் போடுவதாக நிர்வாகம் சொன்னது, அவள் ஏற்கவில்லை, ஆகவே அவன் லாரிப் பேட்டையில், வண்டிகளை நேரில் பார்த்து வாசலுக்கு அனுப்பும் வேலைக்குப் போனான்.

வீட்டைப் பொறுத்தவரை, தம்பி யானையிடம் கிடங்கில் வைத்து மன்னிப்புக் கேட்கும் வரை மாடிக் கதவு சாத்தியே இருக்கும் என்று அவள் தீர்மானித்தாள். அம்மாவைப் பார்க்க அவன் வரலாம். ஆனால் அவள் வீட்டில் இல்லாதபோது மட்டும். அந்த மாதம் முடியும் வரை அவன் கேட்கவில்லை. அவள் இருக்கும்போது கதவும் திறக்கவில்லை.